துணைக்கு வந்தவள்

“ஐயோ, இன்னா இது, கொயந்த மாதிரி நடுங்கறீங்க! கம்பிய வுடுங்க. நான் கீறேன் இல்ல?”

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி புருஷனை அதட்டினாள் அனுஷா.

“நாளிக்கி வுட்டுடறேன் அனு. இன்னிக்கி வேணாம்.” குளத்தின் ஓரக் கம்பியை ஜெகன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் ஒரு மாதக் கோடைப் பயிற்சி. அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். அனுஷாவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. அவள் தம்பி உத்திரமேரூர் ஏரியில் மூழ்கிப் போனதிலிருந்து பம்புசெட்டுத் தொட்டியில்கூட அவள் கால் வைத்ததில்லை. “எனக்கு நீச்சல் தெரியாது அனு. தனியாப் போவ வெக்கமா கீது. சும்மா துணைக்கு வா, போதும்” என்று ஜெகன் கெஞ்சியதால்தான் பஸ் ஏறினாள்.

வந்த இடத்தில் அவன் தினமும் மூழ்குவதும் இருமுவதுமாக இருந்தான். இவரைக் கரையேற்றவாவது நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான்காம் நாள் அவளே பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பயிற்சியாளர் சோபியா சொன்னதையெல்லாம் செய்தாள். மூன்றே வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிற்காமல் நீந்தினாள். ஜெகன் மட்டும் தேறவேயில்லை.

பயிற்சியின் கடைசி நாள். தலையைத் துவட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள் அனுஷா. பக்கத்தில் டைவிங் குளம். ஐந்து மீட்டர் ஆழம். அதன் மேல் மூன்று மாடி உயர மேடை. மேடையின் நுனியில் ஜெகன்!

“இன்னாங்க, பேஜார் பண்ணாதீங்க! எறங்கி வாங்க! மேடம், அவருக்கு நீச்சல் தெரியாது!”

சோபியா பதில் சொல்வதற்குள் அவன் கால்கள் மேடையை விட்டு எழும்பின. அனுஷா கண்களை இறுக மூடிக்கொண்டாள். பெரிதாகச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மேடையில் அவன் இல்லை. தண்ணீருக்கு மேலேயும் இல்லை.

ஆழம், ஏரி, தம்பி எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை. ஓடிப்போய்க் குதித்தாள்.

முங்கி எழுந்தவளுக்கு எதிரே ஜெகன் ஹாயாக மிதந்துகொண்டிருந்தான்.

“பயப்படாத அனுஷா!” கரையிலிருந்து சோபியா சிரித்தாள். “மூணு வருஷம் டைவிங்ல நம்ம யூனிவர்சிட்டி சாம்பியன் உன் வூட்டுக்காரர்தான். உன் பயம் தெளியணும்னுதான் மனுஷன் ஒரு மாசமா கஷ்டப்பட்டு மூழ்கிக்கினு கீறாரு!”