மேஜர் தேர்ந்த பெட்டி

கீழே இருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து பாடும் பெண்ணின் குரல் எழுந்ததும், மூலையில் படுத்திருந்த வெள்ளை நாய் மேஜர் எழுந்து வந்து பெட்டியின் முன் அமர்ந்தது.

வைகுண்டராஜ் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாத்தியாட்டி? ஒன் லேப்டாப்பு என்ன வேணாலும் சொல்லட்டும். உசுரு எதுல இருக்குன்னு இவனுக்குத் தெரியும்."

"ஒங்க பெட்டியில பிஸ்கட்டு வாசம் அடிக்குதுப்பா, அதான் வாரான்" என்றாள் மகள் இந்து. சொல்லும்போதே அவள் குரல் தோற்றிருந்தது.

ராஜபாளையத்தில் அந்த ஸ்பீக்கர் பட்டறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெட்டி செய்து முடித்ததும், பக்கவாத்தியம் ஏதுமின்றி ஒரு பெண் தனியே பாடிய ஒரே பாட்டைத்தான் வைகுண்டராஜ் போடுவார். வெள்ளை நாய் எழுந்து வந்தால் பெட்டி வெளியே போகும். வராவிட்டால் அன்றே பிரிக்கப்படும்.

முன்பு வேலை பார்த்த பஞ்சாலையின் இரைச்சல் தம் செவிகளைத் தின்றுவிட்டது என்று அவர் உறுதியாக நம்பினார். ஆகவே தீர்ப்பை நாயின் செவிகளிடம் ஒப்படைத்திருந்தார்.

மேலே இருந்த பெட்டி இந்து செய்தது. மைக் வைத்து அளந்து, திரையில் ஓடிய கோடு நேராகும்வரை திருத்தித் திருத்தி முடித்தது. பாடியவள் எப்படிப் பாடினாளோ அப்படியே அது ஒலித்தது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சற்றுமுன் அது ஒலித்தபோது மேஜர் கொட்டாவி விட்டது.

இரண்டில் ஒன்று மாலைக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் தேவாலயத்துக்குப் போக வேண்டும். எவர் பெட்டிக்கு நாய் எழுகிறதோ, இனிப் பட்டறையில் அவர் சொல்வதே செல்லும். மற்றவர் வாய்மூடி மரம் அறுக்க வேண்டியதுதான். பந்தயத்தைச் சொன்னவர் அப்பா. ஒப்புக்கொண்டவள் மகள்.

தோல்வியின் எரிச்சலில் இந்து மேசையிலிருந்த மைக்கை வெடுக்கென்று எடுத்தாள்.

மைக் இன்னும் அணைக்கப்படாமல் இருந்தது. பெட்டிக்கு நேராகவும் இருந்தது.

பெட்டியிலிருந்து எழுந்த ஓர் அலறல் பட்டறையைக் கிழித்துக்கொண்டு போனது. வைகுண்டராஜ் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு குனிந்தார். தெருவில் நாய்கள் குரைத்தன. அடுப்படியிலிருந்து அம்மா ஞானபாக்கியம், "யாரைக் கொல்லுதிய அங்க?" என்று கத்தினாள். இந்து பதறிப்போய் ஆம்ப்ளிஃபயரில் கைக்குச் சிக்கியதையெல்லாம் திருகி அலறலை நிறுத்தினாள்.

பெட்டியின் முன் அமர்ந்திருந்த மேஜரின் காதுமடல்கூட அசையவில்லை.

இந்து நாயைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். இரண்டு ஸ்பேனர்களை எடுத்து, நாயின் தலைக்குப் பின்னால் பிடித்து ஒன்றோடொன்று ஓங்கி மோதினாள்.

மேஜர் வாலை ஆட்டியபடி வைகுண்டராஜையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளைக் குட்டிகளில் சில செவிடாகவே பிறப்பதுண்டு என்பது அந்த ஊரில் எல்லோரும் அறிந்தது. தம் வீட்டுக் குட்டி அவற்றில் ஒன்று என எவரும் நினைப்பதில்லை.

வைகுண்டராஜின் முகம் வெளிறிப்போனது. முக்காலியைத் தேடித் துழாவிய கை காற்றில் நின்றது.

"அப்போ இத்தன வருசமா எதைட்டி கேட்டான்?"

நாயின் கண்கள் ஒருமுறைகூடப் பெட்டியின் பக்கம் போகவில்லை என்பதை அப்போதுதான் இந்து கவனித்தாள்.

"செத்த நேரம் செவரப் பாத்து நில்லுங்கப்பா."

அவர் நின்றார். அவள் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

மேஜர் குழம்பியது. பெட்டிகளைக் கடந்து நடந்தது. வைகுண்டராஜின் கால்களுக்கும் சுவருக்கும் இடையே உடலை நுழைத்து, தலையை உயர்த்தி, மறைக்கப்பட்ட அந்த முகத்தைத் தேடிப் பிடித்தது. அதன் வால் மெல்ல ஆடத் தொடங்கியது.

அவர் தோள்கள் குலுங்கின.

பெட்டிகளை இதுநாள்வரை தேர்ந்தது நாய் அன்று. கெட்டுப்போயின என்று அவரே கைவிட்ட செவிகள்தாம் தேர்ந்தன. அவர் நெகிழ்ந்ததை அவர் முகத்தில் கண்டு நாய் எழுந்தது, அவ்வளவே.

"கேட்டியா?" சுவரைப் பார்த்தபடியே வைகுண்டராஜ் பேசினார். நனைந்த குரலில் வெற்றியும் இருந்தது. "அடுத்த அடி பாட முந்தி அந்தப் புள்ள மூச்ச இழுக்கா பாரு, அந்தச் சத்தம்... நம்ம பெட்டி நம்ம பெட்டிதாண்டி. எனக்கு நாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இத வண்டியில ஏத்து. ஒன் பெட்டியில இது வருமா?"

இந்து ஒலியைக் குறைக்கக் கை நீட்டினாள்.

நீட்டிய கை நின்றது.

பதற்றத்தில் அவள் திருகியவற்றுள் பெட்டி மாற்றும் ஸ்விட்சும் இருந்திருக்கிறது. நம்ப முடியாமல் இரண்டு பெட்டிகளிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கீழே இருந்த அப்பாவின் பெட்டி அதிர்வின்றிக் கட்டையாகக் கிடந்தது.

மேலே இருந்த அவள் பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, கேக்குதேன்ல. வருமா?"

மேஜர் அவர் முகத்தை விட்டுத் திரும்பி, இந்துவின் முகத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கியது.

நாய் எதைப் பார்க்கிறது என்று அவரும் திரும்பினார்.