மலை இறங்கும்போது தெரியும்

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வாசலில் நின்ற அண்ணனின் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தவை, அவள் புருஷனின் கால்கள்.

அண்ணன் உள்ளே மத்தியானத் தூக்கத்தில் இருந்தான். ஸ்பானர் முறுக்கும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

அண்ணனும் புருஷனும் ஒரே நாளில் ஒரே மாடல் டீசல் பிக்அப் வாங்கியவர்கள். அண்ணன் கை சும்மா இருக்குமா? தன் வண்டியை அரை அடி உயர்த்திப் பெரிய டயர் மாட்டினான்.

"உயரத்தை மட்டும் ஏத்தினா ஆகாது மச்சான். ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற ராடு கோணலா நிக்குது பாருங்க. தடிமனா வேற மாத்துங்க."

"என் வண்டியைப் பாத்தா உனக்குப் பொறாமை மாப்பிள்ளை!"

"பொறாமையா? மலை இறங்கும்போது தெரியும்!"

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இன்று சாயங்காலம் அண்ணன் மலை இறங்குகிறான். கூட அண்ணியும் கைக்குழந்தையும்.

அவள் வெளியே ஓடினாள். புருஷன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்துகொண்டிருந்தான். கை முழுக்க ஈரச் சேறு. கோணிச் சாக்கில் நீளமாக எதையோ சுற்றி வைத்திருந்தான்.

"என்னங்க பண்ணினீங்க?"

"ஒண்ணுமில்ல. உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதே."

முகத்தைப் பார்க்காமல் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சொன்னால் வெட்டு குத்தில் முடியும். சொல்லாவிட்டால் மூன்று உயிர். சாயங்காலம் வரைக்கும் மென்று விழுங்கிவிட்டு, அண்ணன் வண்டியைக் கிளப்பியபோது தானும் ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் வரேண்ணே."

ஷெட் வாசலில் நின்ற புருஷனையே பார்த்தாள். 'இறங்குடி' என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா?

"பெல்ட்டைப் போட்டுக்கோ" என்றான். அவ்வளவுதான்.

என்னையுமா? அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

முதல் வளைவு வந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். அவள், அண்ணியின் மடியிலிருந்த குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். எந்தச் சாமி பெயரும் நினைவுக்கு வரவில்லை.

"பாத்தியா தங்கச்சி!" அண்ணன் சிரித்தான். "இந்த வளைவுல ஸ்டீயரிங் குளிர்ஜுரம் வந்த மாதிரி உதறும். இன்னிக்கு அசையுதா பாரு! தானா சரியாயிடுச்சு. ராடு மாத்தணுமாம், ராடு!"

அவள் கண்ணைத் திறந்தாள். அடுத்த வளைவிலும் வண்டி ஆடவில்லை. அதற்கடுத்த வளைவிலும்.

திரும்பி வந்தபோது ஷெட் கதவு திறந்திருந்தது. புருஷனின் பிக்அப் ஜாக்கியில் ஏறி நின்றது. ஆளைக் காணோம்.

"ஊருக்குத்தான் உபதேசம்!" என்றான் அண்ணன். "இவர் வண்டியே படுத்துக் கிடக்கு. எனக்கு வந்து புத்தி சொல்றார்."

அவள் குனிந்து பார்த்தாள். போன மாதம் புருஷன் ஆசை ஆசையாய் வாங்கி மாட்டிய தடித்த ராடு அங்கே இல்லை.

திரும்பி அண்ணன் வண்டியின் அடியில் பார்த்தாள். புதுசு என்று தெரியாதபடி சேறு பூசிக்கொண்டு, அது அங்கே இருந்தது.