பத்து மணிக்குள் ஏறிவிட வேண்டும்

பிரிஞ்சாங் மலையுச்சி இரும்புக் கோபுரத்தில் முருகையா தன் மனைவியைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருக்கிறான். லேண்ட்ரோவரில் தினமும் கூட்டிவருகிற சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வதையே இவளுக்கும் சொல்கிறான். "கம்பிய விடாத. கீழ பாக்காத. சுவெட்டர் பட்டன போட்டுக்க லா." பத்து மணிக்குள் ஏறிவிட வேண்டும், பிறகு மூட்டம் இறங்கிவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. இன்று அவனே தாமதம். அடிவாரத்துத் தேயிலைக் காட்டில் பதினெட்டு வருஷமாகக் கொழுந்து கிள்ளும் நவமணி ஒருநாளும் இங்கே வந்ததில்லை. கூடையில் முற்றின இலை கிடக்கிறதென்று இரண்டு மாதமாகக் கங்காணி அவளைத் திட்டுகிறான். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று அவள் சாதிக்கிறாள்.

உச்சித் தட்டில் காற்றே இல்லை. கம்பியில் கோத்து நிற்கும் நீர்த்துளிகள் அவள் விரல் பட்டு ஒவ்வொன்றாக உதிர்கின்றன. நாலு பக்கமும் மூட்டம் சுவர் வைத்ததுபோல் அடைத்து நிற்கிறது. கீழே நிறுத்திய வண்டிகூடத் தெரியவில்லை. இன்னொரு நாள் வெள்ளென வரலாம் என்று சொல்ல அவன் வாயெடுப்பதற்குள், நவமணி முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டுகிறாள்.

"அதோ ஈப்போ டவுனு. அதுக்குப் பின்னால வெள்ளையா மின்னுது பாருங்க, அதான கடலு? நீங்க சொன்ன மாதிரியே இருக்குங்க."

நீட்டிய விரல் அந்த வெண்மைக்குள் நடுங்காமல் நிற்கிறது. முருகையா அவள் முகத்தையே பார்க்கிறான். பிறகு கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறான்.

"ஆமா புள்ள," என்கிறான். "இன்னிக்கு நல்லாத் தெரியுது."