பயிற்சி இல்லாத காது

ஹெட்போன் இடது காதில் பட்டால் வலிக்கிறது என்று என் மனைவி அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டாள். சின்ன விஷயத்தையும் பெரிதாக்குவது அவள் சுபாவம்.

வேறு வழியில்லாமல்தான் அவளை என் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தேன். என் சோதனைக்குப் பாட்டு வாசனையே இல்லாத ஆள் ஒருவர் குறைந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

சோதனை சுலபம். "சாவி எங்க?" என்ற ஒரே கேள்வியை ஒரு நடிகர் சந்தோஷமாக, சோகமாக, பயந்துபோய், கோபமாகக் கேட்பார். என்ன உணர்ச்சி என்று கண்டுபிடித்து அதற்கான பொத்தானை அழுத்த வேண்டும்.

சங்கீதம் படித்தவர்களுக்கு அடுத்தவர் மனசு சட்டென்று புரியும் என்பது என் கட்சி. அதை நிரூபிக்கத்தான் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் பெரிய சபையில் பேச வேண்டும். வித்வான்களே அங்கங்கே தடுமாறினார்கள். இவள் தடுக்கி விழுவாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

சந்தோஷத்தையும் சோகத்தையும் அவள் மாற்றி மாற்றித்தான் அழுத்தினாள்.

கோபம் மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த நடிகர் வாயைத் திறக்கவே வேண்டாம், மூச்சை இழுக்கும்போதே அழுத்திவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழம்பில் உப்புப் போட மறக்கிறவளுக்கு இங்கே வந்து என்ன கெட்டிக்காரத்தனம்? என் ஆராய்ச்சிக்கு உலை வைக்கவா?

கணினி முன்னால் இருந்த என் மாணவி அசந்துபோனாள். சின்ன வயதிலிருந்து வயலின் வாசிக்கிறவள் அவள்.

"அக்கா, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

மனைவி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நான் மூச்சை இழுத்தேன்.

அதற்குள் அவள் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

திரையில் 'கோபம்' என்று வந்தது. அந்த நேரத்தில் எந்த ஒலியும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

மிஷினில் ஏதோ கோளாறு என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், இதமாகத்தான் சொன்னேன்.

மாணவி திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அப்புறம் என் மனைவியின் இடது காதைப் பார்த்தாள்.

நல்ல காது என் மாணவிக்கு. சோதித்துச் சொன்னவன் நானேதான்.