பெட்டிக்குள் பேசிய பெண்

தனசேகரனின் அறைக்குள் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கெஞ்சினான், தலையில் அடித்துக்கொண்டான், கடைசியில் காலால் ஓர் உதையும் விட்டான். அவள் சற்றும் கலங்காமல், "மாலையில் இடியுடன் மழை பெய்யலாம்" என்றாள்.

சுங்கை ரோட்டில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கிய ஆம்ப்ளிஃபையர் அது. கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கத்தான் வாங்கினான். அதுவோ கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு, எங்கிருந்தோ வானொலியைப் பிடித்து ஊருக்கே கேட்கும்படி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஃபேரர் பார்க்கில் இளைஞர் சங்கத்தின் கலை நிகழ்ச்சி. செயலாளர் அழகப்பன், "உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன்" என்றதுதான் தாமதம், மேடையே தன் பெயருக்குப் பட்டா ஆகிவிட்டதுபோலத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டான் தனசேகரன். துறைமுக ஆபீஸில் மேலாளரைக்கூட வரச் சொல்லியாகிவிட்டது. முதல் மேடை. வாசிப்புக்கு நடுவே வானிலை அறிக்கை வந்தால் அப்புறம் சிராங்கூன் ரோட்டில் தலைகாட்ட முடியாது.

கிட்டாரைப் பெட்டியோடு இணைக்கும் ஒயரின் நீளத்தைக் குறைத்துப் பார்த்தான். பெட்டியிலிருந்து கம்பி இழுத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டிப் பார்த்தான். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை ஒயர் முழுக்கச் சுற்றியதில், ஒயர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்ததே தவிர வேறு பலன் இல்லை.

கிட்டார் கம்பிமேல் கை வைத்தால் அவள் குரல் தணிந்தது, எடுத்தால் ஏறியது. ஒயரைப் பிடுங்கினால் வாயே திறக்கவில்லை. ஒயர்தான் ஏரியல் வேலை பார்க்கிறது என்று ஒருவழியாகப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? ஒயர் இல்லாமல் வாசிக்க அவன் என்ன மந்திரவாதியா?

கீழே மளிகைக் கடையிலிருந்து வீட்டுக்காரர் ஜமால் முகம்மது குரல் கொடுத்தார்.

"தம்பி! ரேடியோ லைசென்ஸ் பார்க்கிற ஆபீசர் நம்ம ரோட்டுக்கு வந்துட்டாராம்லா! லைசென்ஸ் இல்லாம ரேடியோ இருந்தா உடனே ஒத்துக்கோ, திட்டிட்டு விட்டுடுவாங்க. மழுப்பினா பெட்டியையே தூக்கிட்டுப் போயிடுவாங்க!"

"எங்கிட்ட ஏது பாய் ரேடியோ?" என்று அவன் சொல்லி முடிக்கவில்லை. "நேயர்களே, அடுத்து திரையிசைப் பாடல்கள்" என்றது பெட்டி.

மரப்படியில் காலடிச் சத்தம். வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை, கக்கத்தில் ஒரு தோல்பை. வந்தவர் சப்பாத்தை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"என் பேரு வேலாயுதம். நீங்கதானே தனசேகரன்?"

பெயர் வரைக்கும் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாரே! தனசேகரன் ஓடிப்போய்ப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றான். பெட்டி அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பாட ஆரம்பித்தது.

வேலாயுதத்தின் கண்ணோ கட்டில்மேல் கிடந்த கிட்டாரிலேயே இருந்தது.

"இதை வாசிக்கிறது நீங்கதானா?"

மடக்கப் பார்க்கிறார் என்று தனசேகரனுக்குப் பட்டது. கிட்டாரைக் காட்டி ரேடியோவை மறைக்கிறான் என்று நினைத்துவிட்டால் மழுப்பல் கேஸ்தான். பெட்டி போனால் மேடையும் போச்சு. பாய் சொன்னபடி ஒத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

"இல்ல சார். இது ரேடியோதான் சார். தப்புதான்."

"ரேடியோவா? அப்ப இந்தக் கிட்டார்?"

"சும்மா அழகுக்கு வச்சிருக்கேன்."

"பரவால்ல, ஒரு பாட்டு வாசிச்சுத்தான் காட்டுங்களேன்."

என்ன சாமர்த்தியம்! இந்த வலையில் விழுந்துவிட அவன் என்ன ஏமாளியா?

"நானா சார்? நான் கம்பியைத் தொட்டா செவத்துப் பல்லிகூடப் பக்கத்து வீட்டுக்குக் குடி போயிடும். சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. போன வாரம் வரைக்கும் இதைத் தலைகீழாத்தான் மாட்டிக்கிட்டு நின்னேன்."

"பிரமாதமா வாசிப்பீங்கன்னு தெருவுல சொன்னாங்களே?"

"அது நானே கெளப்பிவிட்டது சார். பெருமாள் மேல சத்தியமாச் சொல்றேன், எனக்கும் சங்கீதத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது."

தன்னைத்தானே இவ்வளவு சரளமாகக் கேவலப்படுத்திக்கொள்ள வரும் என்று அவனுக்கே இதுநாள்வரை தெரியாது. பேசப் பேச உற்சாகம் பொங்கியது. கிட்டாரில் இந்தச் சரளம் இருந்திருந்தால் எப்போதோ பெரிய ஆளாகியிருப்பான்.

வேலாயுதத்தின் முகம் தொங்கிவிட்டது. தோல்பையைத் திறக்கக்கூட இல்லை. "சத்தியமே பண்ணிட்டீங்க, அப்புறம் என்ன" என்று திரும்பி நடந்தார்.

பெட்டி தப்பியது! தனசேகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி படிவரைக்கும் வழியனுப்ப வந்தான்.

"ரொம்ப நன்றி சார். இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"அழகப்பன்கிட்டச் சொல்லித்தானே ஆகணும் தம்பி?" என்று வேலாயுதம் குனிந்து சப்பாத்தை மாட்டினார். "சனிக்கிழமைக்கு வேற ஆளைத் தேடணுமே."