கதவுக்குப் பின்னால்

கட்டாரிலிருந்து புருஷன் யோகராஜன் கொடுத்தனுப்பிய கெமராவைப் பிரியந்தி கம்பியூட்டர் திரையின் மேல் பொருத்துகிறாள். மலைநாட்டு றொசல்ல ஊர் வீட்டின் ஜன்னலில் மாலை மூட்டம் அப்பியிருக்கிறது. முகம் இருண்டு தெரியக்கூடாதென்று மேசை விளக்கைக் கிட்ட இழுக்கிறாள். அவன் பார்ப்பதற்கென்றே மஞ்சள் சேலை கட்டியிருக்கிறாள். இரண்டு வருஷமாய்க் காணாத முகம் திரையில் சதுரம் சதுரமாய்க் கூடி வருகிறது. "தெரியிறேனாங்க?" "தெரியுது. கெமராவ அப்படியே சுத்திக் காட்டு." வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று நினைத்து, அவன் பணத்தில் வாங்கிய அலுமாரியைக் காட்டுகிறாள். "அது இல்ல. கதவுக்குப் பின்னால காட்டு. கட்டிலுக்குக் கீழயும்." அவளுக்குக் காது மடல் சுடுகிறது. "யாரத் தேடுறீங்க?" "சும்மாதான். இனிமே நீ வேல விட்டு வந்ததும் இதப் போட்டு வச்சிரு. நா பாத்துக்கிட்டு இருப்பேன்." பிரியந்தி கெமராவைத் தன் முகத்துக்கு நேரே திருப்புகிறாள். மூச்சு அதன் கண்ணாடியில் படிகிறது. "இவ்வளவு நேரமா என்னைய நீங்க பாக்கவே இல்லங்க" என்கிறாள். குரல் உயரவில்லை. கெமராவின் வயரைப் பிடுங்குகிறாள். "ஏய், ஒண்ணும் தெரியலையே" என்று திரையில் அவன் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. அவள் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போகிறாள்.