பெண் வீட்டார் படம்

“பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் மேடைக்கு வாங்க.”

அவன் குரல் அவனுக்கே புதிதாகக் கேட்டது. மூன்று நாளாக யாரிடமும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசியிருக்கவில்லை.

மண்டபத்தில் பாதிக் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான்.

இந்த நகரத்துக்கு வந்து எட்டு மாதம். இரும்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை. பகலில் ஸ்டுடியோ, விளக்குகளை மூலையில் ஒதுக்கிவிட்டு பாயை விரித்தால் வீடு. அறையைவிடப் பெயர்ப்பலகை பெரிது என்று இரும்புக் கடைக்காரர் கிண்டலடிப்பார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அதைச் சொல்லவும் ஆள் கிடையாது.

வந்ததெல்லாம் பாஸ்போர்ட் படம்தான். எட்டு மாதமாக எதிரே உட்கார்ந்தவர்களிடம் அவன் சொல்லிவந்த ஒரே வார்த்தை, “சிரிக்காதீங்க.”

மனிதர்களைச் சிரிக்கச் சொல்லுகிற வேலை இதுதான் முதல்.

மாப்பிள்ளைதான் போனில் கூப்பிட்டிருந்தார். மணப்பெண் எங்கேயோ அவன் எடுத்த படங்களைப் பார்த்தாளாம். வேறு யாரும் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். தேதி, மண்டபம், பெண்ணின் பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். எழுதி முடித்தும் பேனாவை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பிறகு எழுந்து லென்ஸ்களைத் துடைத்தான். இருந்ததில் நல்ல சட்டையாக ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டான். கல்யாணத்துக்கு அப்போது இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

காலையிலிருந்து வேலை ஒழுங்காகவே நடந்தது. பெண்ணின் இடது கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு. யாரும் சொல்லாமலே, அது விழாத பக்கமாக நின்று எடுத்தான். தொழில் தெரிந்த ஆள் என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் பேசிக்கொண்டார்கள்.

மணப்பெண் அவனிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். ஒப்பனை அறையில், கண்ணாடியைப் பார்த்தபடியே.

“அண்ணா, சாப்பிட்டீங்களா?”

கல்யாண வீட்டில் போட்டோகிராபர் எல்லோருக்கும் அண்ணன்தான். ஒப்பனை செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஏதோ பேட்டரி மாற்றுகிறவன் போல வெளியே வந்து நின்றுகொண்டான்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு தடவை ஜூஸ் வந்தது. பெண் வீட்டார் யாரும் அவன் பக்கம் வரவில்லை. எதிரே வந்தவர்களும் எதையோ மறந்து வைத்துவிட்டவர்கள் மாதிரி வந்த வழியே திரும்பிப் போனார்கள். பெண்ணின் அப்பா ஒரு படத்தில்கூட லென்ஸைப் பார்க்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவருக்கு ஆயிரம் கவலை இருக்கும் என்று அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஒருவழியாக எல்லோரும் மேடையேறியிருந்தார்கள். சித்தப்பாக்கள் பின்வரிசையில். மாமா ஓரத்தில், பாதி முகம் பூ அலங்காரத்துக்குப் பின்னால். பெண்ணின் அம்மா மட்டும் படிக்குப் பக்கத்திலேயே தயங்கி நின்றாள்.

“அம்மா, கொஞ்சம் நடுவுல வாங்க.”

அவள் நகரவில்லை. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அவனையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது.

மாப்பிள்ளையின் அத்தை போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். “ஒரே பிள்ளை இல்லையா? பாவம், தாங்க முடியல அவங்களுக்கு.”

பெண் வீட்டார் யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

அவன் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனான். குழுப்படம் எடுப்பதற்கு முன்னால் எந்தப் போட்டோகிராபரும் கேட்கிற கேள்விதான். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

“எல்லாரும் வந்தாச்சா?”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

பெண்ணின் அப்பா முதல் தடவையாக லென்ஸை நேராகப் பார்த்தார்.

“எல்லாரும் வந்தாச்சு. நீங்க எடுங்க.”

நீங்க.

இருபத்தாறு வருஷத்தில் அப்பா அவனை ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. பேங்க் வேலையை உதறிவிட்டு கேமராப் பையோடு வாசல் இறங்கிய அன்றைக்குக்கூட “போடா” என்றுதான் சொல்லியிருந்தார்.

விரல் பட்டனில் இருந்தது. அழுத்த வரவில்லை.

அப்போது தங்கை, அவனைப் பார்க்காமலே, அம்மாவை விட்டு ஓர் அடி விலகி நின்றாள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விழுந்தது.

அதைக் கண்டால் எவனும் நெருங்கி நிற்கச் சொல்வான்.

அவன் ஒன்றும் சொல்லாமல் எடுத்தான்.